உப்புப் பார்க்கிறவள்

இன்னும் கரண்டிச் சத்தம் வரல. சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிச்சு நேரமாச்சு. இந்நேரத்துக்கு ஜெய்பு அடுப்புல கஞ்சி கொதிச்சு, தேங்காப்பால் ஊத்தி, புதினாவைக் கிள்ளிப் போட்டிருப்பா. வாசனை எங்க கொல்லை வரைக்கும் வந்துடுச்சு, சத்தம் மட்டும் வரல. வராதுன்னு தெரியும். நோன்பு பிறந்த நாள்லேர்ந்து வராதது இன்னைக்கு மட்டும் எதுக்கு வரப்போகுது. ஆனாலும் சின்ன வெங்காயத்தை முறத்துல கொட்டிக்கிட்டுக் கொல்லைப் படியிலதான் வந்து உக்காந்திருக்கேன். உள்ள ஃபேன் காத்துல உக்காந்து உரிக்கலாம், உரிக்கல. கண்ணு எரியுது, வெங்காயத்தாலன்னே வச்சுக்குவோம். ஜெய்புன்னிசா வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். நோன்பு மாசத்துல சமைக்கிறவளும் நோன்பு, வீட்டுல இருக்கற அத்தனை பேரும் நோன்பு, அப்புறம் குழம்புல உப்பு சரியா இருக்கான்னு யாரு பார்க்கறது? நாக்கு நுனியில வச்சுப் பார்த்துட்டுத் துப்பிடலாம், தப்பில்லன்னு சொல்றவங்களும் உண்டாம். ஜெய்புவுக்கு அது ஒப்பாது. அதனால ஒரு சின்னக் கிண்ணத்துல ஒரு கரண்டி கஞ்சியை ஊத்திச் சுவர் மேல வச்சு, கரண்டியால டங் டங்னு ரெண்டு தட்டுத் தட்டி, "செம்பகம், உப்பு!"ன்னு ஒரு குரல் கொடுப்பா. நான் எங்க இருந்தாலும் வரணும். உள்ளங்கையில கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்து, பத்தும், பத்தல, கரிக்குது, இந்த மூணுல ஒண்ணைச் சொல்லணும். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷத்துலேர்ந்து திருச்சியில எங்க தெருவுல நோன்புன்னா எனக்கு அதுதான். அவ நோன்பு வைப்பா, நான் உப்புப் பார்ப்பேன்.

அடுப்பைத் தணிச்சுட்டா போல, கொதிக்கிற சத்தம் குறைஞ்சிருக்கு. இப்பத்தான் உப்புப் போடுற நேரம். போடுறாளா? எவ்வளவு போடுறா? எந்தக் கணக்குல போடுறா? ஜெய்புவுக்குக் கை அளவு கிடையாது, அதை நானே அவ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன். "உனக்கு நாக்குத்தான்டி அளவு, நாக்கைக் கட்டிப்போட்டா உனக்குச் சமைக்கத் தெரியாது"ன்னு. "அதுக்குத்தானே உன் நாக்கை வாடகைக்கு எடுத்திருக்கேன்"னு சொல்லுவா. வாயாடி. இப்ப வாடகை நாக்கு இங்க படியில உக்காந்திருக்கு, கூப்பிட ஆளில்ல. இல்ல, அவ மறந்திருக்கலாம். மறப்பாளா? போன வருஷம் நான் காய்ச்சலோட படுத்திருந்தப்பக்கூட ஜன்னல் கம்பி வழியா கிண்ணத்தை நீட்டி, "வாய் கசந்தாலும் பரவால்ல, சொல்லு"ன்னு நின்னவ. மறக்கறதாவது. அவளுக்குக் கோபம். கோபம்னா வந்து கத்துவா, முருங்கைக்கிளை அவ பக்கம் சாஞ்சு கம்பளிப்பூச்சி விழுந்ததுக்கு எவ்வளவு கத்தினா, சாக்கடை அடைச்சதுக்கு எங்க வீட்டுக்காரரை நடுத்தெருவுல நிறுத்தி வச்சுக் கேட்டவ. கோபமா இருந்தா எனக்குப் பயமே இல்ல. கோபமில்லாம இருக்காளே, அதுதான் பயம். நேத்து துணி காயப்போட வந்தா, என்னைப் பார்த்தா, சிரிச்சா. "சாப்பிட்டியா செம்பகம்?"னு விசாரிச்சா. யாரோ தூரத்துச் சொந்தத்தைக் கேக்கற மாதிரி.

உள்ள ஹால்ல எங்க வீட்டுக்காரர் போனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். சத்தத்தைக் குறைச்சு வைங்கன்னா குறைக்க மாட்டார், காது கொஞ்சம் மந்தம். ஒரு சிரிப்பு வீடியோ, ஒரு சாமி பாட்டு, அப்புறம் ஒரு குரல், "மக்களே, உஷார்!" பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், ஊர் உலகத்து ஆளுங்களையெல்லாம் ஏத்தி இறக்கினவர், டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவார். இப்ப அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள எவன் ஏறினாலும் டிக்கெட் கேக்கறதில்ல. நல்லவர்தான், நான் கெட்டவர்னு சொல்ல வரல. இவர் ஒருத்தருக்கும் கெடுதல் நினைச்சதில்ல, பூனைக்குச் சோறு வைக்காம சாப்பிட மாட்டார். அந்த வீடியோவைக் காட்டினப்பகூட ஏதோ எனக்கு ஒரு மருந்து சொல்ற மாதிரித்தான் காட்டினார், "பாத்துக்கம்மா, எதுக்கும் பாத்துக்க."

அந்த வீடியோ. நினைக்க வேண்டாம்னு வைக்கிறேன், வெங்காயத் தோல் மாதிரி விரல்லயே ஒட்டிக்கிட்டு வருது. ஒரு பெரிய டேக்சா, அதுல எதுவோ கொதிக்குது, தொப்பி போட்ட ஒரு ஆள் கரண்டியோட குனியறான். குனிஞ்ச உடனே படம் நின்னுடுது, அவன் வாயைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம். துப்பறான், பாருங்கள், நோன்புக் கஞ்சியில் துப்பித்தான் நமக்குக் கொடுக்கிறார்கள், அன்பாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிக் குடிக்கிறோமே. ஒரு பொம்பளைக் குரல் சொல்லுது, அவ்வளவு இனிமையான குரல், கண்ணை மூடிக் கேட்டா நம்ம அக்கா பேசற மாதிரி இருக்கும். நான் ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தேன். நர்ஸா இருந்தவளாச்சே, எதையும் நிறுத்தி நிதானமாப் பார்த்துத்தான் பழக்கம். அந்த ஆள் ஆவியை ஊதறான். சூட்டுல மூஞ்சியைத் திருப்பி ஊதி விலக்கறான், உள்ள வெந்துதான்னு பார்க்க. எந்த அடுப்பில நின்னாலும் எவனும் அதைத்தான் செய்வான், எங்க ஊர்க் கோயில் கூழ் அண்டாவுல எங்க மாமாவும் அதைத்தான் செய்வார். அதோட டேக்சாவுல இருந்தது கஞ்சியே இல்ல, சிவப்பா ஏதோ குழம்பு, பின்னால சுவர்ல இருந்த எழுத்துகூட நம்ம ஊரு எழுத்து இல்ல. எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரர்கிட்ட விலாவாரியாச் சொன்னேன். "ஆமாம்மா, பொய்யாவே இருக்கட்டும்"னார். "ஆனா ஜாக்கிரதையா இருக்கறதுல என்ன நஷ்டம்?" அதுக்கு என்ன பதில் சொல்றது? பொய்னு ஒத்துக்கிட்டதுக்கு அப்புறமும் அவருக்குள்ள அது நிக்குதே, அப்ப எதால அதை வெளியே தள்ளறது?

நஷ்டம் என்னன்னு இப்பத் தெரியுது. இந்தச் சத்தம் வராம இருக்கறதுதான் நஷ்டம்.

எங்க தெருவுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. தண்ணி வர்ற நேரம், கரண்ட் போற நேரம், குப்பை வண்டி வரலன்னா புகார், இதுக்குத்தான் ஆரம்பிச்சது. அதுல ஒருநாள் காலையில மாடி வீட்டு ஞானப்பிரகாசம் சார், வழக்கம்போல ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொன்னவர், அடுத்து இதைப் போட்டார். "எனக்கு வந்தது. எதுக்கும் ஜாக்கிரதை"ன்னு ஒரு வரி. அவரும் பொல்லாதவர் இல்ல, மழை பெஞ்சா நாலு வீட்டுத் துணியையும் எடுத்து மடிச்சு வச்சுட்டுப் போற ஆளு. அந்தக் குரூப்புல ஜெய்பு இருக்கா, அவ வீட்டுக்காரர் பாய் இருக்கார், ஜெய்பு மருமக ரிஸ்வானா இருக்கா. எல்லாரும் பார்த்தாச்சு. யாரும் பேசல. ஒருத்தர் கைகூப்பி ஒரு பொம்மை போட்டார், எதுக்குக் கும்பிடறார்னு அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். அப்புறம் பால்காரம்மா, "இன்னைக்குத் தண்ணி உண்டா இல்லியா?"ன்னு கேட்டா. தண்ணி உண்டுன்னு ஒருத்தர் சொன்னார். அவ்வளவுதான், தெரு தண்ணி பிடிக்கப் போயிடுச்சு.

நான் போகல. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு இதே படியில உக்காந்து எழுதினேன். "சார், இது பொய். இவங்க கஞ்சியை நான் இத்தனை வருஷமா..." அழிச்சேன். "இத்தனை வருஷமா குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு எழுதினா, ஏதோ விஷத்தைக் குடிச்சுப் பிழைச்ச மாதிரி இருக்கு, அழிச்சேன். "ஜெய்பு அப்படிப்பட்டவ இல்ல"ன்னு எழுதினேன், அப்ப மத்தவங்க அப்படிப்பட்டவங்களா? அழிச்சேன். "யாரும் இப்படிப் போடாதீங்க"ன்னு எழுதினேன், நான் யாரு அவருக்குச் சொல்ல, நாளைக்கு இவருக்கு நெஞ்சு வலின்னா கார் எடுத்துட்டு வர்றது அந்த சார்தான். அதையும் அழிச்சேன். அப்புறம் அடுப்புல பால் பொங்கிடுச்சு, எழுந்து போனேன். நல்லவேளை பொங்குச்சுன்னு ஒரு நிம்மதிகூட வந்துச்சு, பொய் சொல்லுவானேன். மறுநாள் சும்மா குரூப்பைத் திறந்தேன். மேல பாய் பேரு வந்துச்சு, கூடவே "டைப்பிங்"னு வந்துச்சு. ஏதோ சொல்லப்போறார்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தேன். நின்னுது. மறுபடி வந்துச்சு. நின்னுது. கடைசி வரைக்கும் ஒண்ணும் வரல. அப்பத்தான் எனக்குப் பொட்டுல அடிச்சுது. அப்ப நான் எழுதி எழுதி அழிச்சதும் இப்படித்தானே தெரிஞ்சிருக்கும்? "செண்பகவல்லி டைப்பிங்." நின்னுது. "செண்பகவல்லி டைப்பிங்." நின்னுது. ஜெய்பு அன்னைக்குப் போனைக் கையில வச்சிருந்தாளா? என் பேரைப் பார்த்தாளா? பார்த்துட்டு, நம்ம செம்பகம் இருக்கா, அவ கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தாளா? எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்திருப்பா? ஐயோ, நான் பேசாமலே இருந்திருந்தா, செம்பகம் பார்க்கலன்னு நினைச்சிருப்பா. வாயைத் தொறந்து வாயைத் தொறந்து மூடினவளாப் போயிட்டேனே.

ஒரு வெங்காயம் அழுகல். தூக்கிக் கொல்லையில எறிஞ்சேன், பூனை மோந்து பார்த்துட்டு அலட்சியமாப் போகுது. அந்தக் குரல்காரி, அந்த இனிமையான குரல், அவ எங்க உக்காந்து பேசியிருப்பா? எழுதிக் கொடுத்ததைப் படிச்சிருப்பா. படிச்சு முடிச்சதும் வீட்டுக்குப் போய்த் தன் புருஷனுக்குத் தோசை வார்த்திருப்பா. நாலு வரி பேசினதுல ஒரு சுவர் மேல கிண்ணம் வைக்கிறது நின்னுபோச்சுன்னு அவளுக்குத் தெரியவா போகுது? அவளைத் திட்டணும்னு வாயெடுத்தா, என் குரலே என் காதுல கேக்குது. "தாய்மார்களே! அன்பான தாய்மார்களே!" சுகாதாரத் துறை ஜீப்புல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நான் போகாத ஊரா? அந்த இழுவை, அந்தக் கனிவு, அதெல்லாம் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். பயம் காட்டினா வேலை நடக்கும்னு எங்களுக்கும் தெரியும். சூம்பிப்போன கால் படத்தைப் பெரிசாப் போட்டு, ஒரு சின்னப்பொண்ணு கைக்குழந்தையோட நின்னா, "உன் பிள்ளையும் இப்படி ஆகணுமா?"ன்னு கேட்டிருக்கேன். அவ அழுதுட்டே வந்து குழந்தைக்குச் சொட்டு மருந்து போட்டுக்கிட்டுப் போவா. எங்களுக்குச் சந்தோஷமா இருக்கும், ஒண்ணு முடிஞ்சுதுன்னு. நல்லதுக்குத்தானே செஞ்சோம். ஆனா இந்த வீடியோக்காரனும் நல்லதுக்குன்னுதானே சொல்றான், "உங்கள் நன்மைக்காக"ன்னுதானே முடிக்கிறான்? அப்ப அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இருக்கு, ஏன் இல்லாம. நான் சொன்ன நோய் நிஜம், என் கையில இருந்த மருந்து நிஜம். என் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும், தப்பாப் போனா வீட்டுக்கே வந்து என் சட்டையைப் பிடிக்கலாம். இவன் மூஞ்சி எங்க இருக்கு? எவன் வீட்டுக்குப் போய்க் கேக்கறது? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலா நின்னு பேசிக்கறேன். அந்தச் சின்னப்பொண்ணு அழுததை மட்டும் கணக்குல எங்க வைக்கறதுன்னு தெரியல.

மருந்து போட்டா அந்தப் பிள்ளைக்குப் பெரிசானப்புறம் பிள்ளை பிறக்காதுன்னு ஒரு வருஷம் ஒரு பேச்சு கிளம்புச்சு. யாரு கிளப்பினா? அன்னைக்குப் போனும் கிடையாது, வீடியோவும் கிடையாது, ஆனாலும் நாங்க ஒரு ஊருக்குள்ள நுழையறதுக்குள்ள அந்தப் பேச்சு போய் எல்லார் வீட்டுலயும் உக்காந்திருந்துச்சு. எல்லா ஜாதியிலயும் உக்காந்திருந்துச்சு, எல்லா மதத்துலயும்தான். ஒரு ஊர்ல பொம்பளைங்க அத்தனை பேரும் கதவைச் சாத்திட்டாங்க. நான் நடுத்தெருவுல நின்னு, பாட்டிலைத் தூக்கி, தலையை அண்ணாந்து, என் வாயிலயே சொட்டுச் சொட்டா விட்டேன். பாருங்க, நானும் ரெண்டு பெத்தவதான், எனக்கு ஒண்ணும் ஆகலன்னு. ஒரு பொம்பளை கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. கிட்ட வந்து என் தொண்டையையே பார்த்தா. "முழுங்கினியா? வாயைத் தொற, பார்க்கணும்"னா. நான் தொறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னா, தூக்கினேன். எங்கம்மாகூட என்னை அப்படிப் பார்த்ததில்ல. அந்த ஊர்ல எல்லாக் குழந்தைக்கும் மருந்து போட்டாச்சு, பெரிய டாக்டர் கை தட்டினார். நான் பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதேன். என்ன அவமானம்னு சொல்லத் தெரியல, திருடினவளைச் சோதிச்ச மாதிரி ஒரு கூச்சம். வீட்டுல சொல்லல. ஜெய்புகிட்டத்தான் சொன்னேன், இதே சுவருக்கு அந்தப் பக்கம் அவ நிக்க, இந்தப் பக்கம் நான் நிக்க. அவளுக்கு மூஞ்சி சிவந்து போச்சு. "நீ எதுக்குடி வாயைத் தொறந்த?"ன்னு கேட்டா. "மருந்தைப் போட்டா போடட்டும், போடாட்டிப் போகட்டும். நீ எதுக்குடி வாயைத் தொறந்து காட்டின?" குழந்தைங்க பாவம்லன்னு சொன்னேன். "நீ பாவம் இல்லியா?"ன்னா. அப்படி என்னைக் கேட்டது உலகத்துல அவ ஒருத்திதான்.

ஆனா நான் பயப்படறது அதுக்கு மட்டும் இல்ல. இதை வெளியில சொல்ல முடியாது. அவ கூப்பிடலையேன்னு இப்படி மாஞ்சு போறேனே, கூப்பிட்டா? இப்பவே டங் டங்னு தட்டி, கிண்ணத்தை வச்சா? போயிடுவேனா? கையில விட்டு நக்கிடுவேனா? முந்தாநாள் ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்ப, போன வருஷத்துக் கஞ்சி ஞாபகம் வந்துச்சு. பூண்டும் வெந்தயமும் பாசிப்பருப்பும் குழைஞ்சு, புதினா மேலாப்புல மிதக்கற கஞ்சி. நாக்குல ருசி வர்றதுக்கு முன்னாடி அந்த ஆள் வந்துட்டான். தொப்பியோட குனிஞ்சான், வாயைச் சுத்திச் சிவப்பு வட்டம். எனக்குக் குமட்டுச்சு. பொய்னு தெரியும்! ஊதினான்னு தெரியும், கஞ்சியே இல்லன்னு தெரியும், நானே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? மண்டை போட்ட சண்டை அத்தனையும் மண்டையோடயே நின்னுபோச்சு, அவன் பேசாம இறங்கி வந்து என் நாக்குல உக்காந்துட்டான். இவரைச் சொன்னேனே, அவருக்குள்ள நிக்குதுன்னு. எனக்குள்ள மட்டும் என்னவாம்? ஜெய்பு என்னைக் கூப்பிடாததுல ஒரு ஓரத்துல எனக்கு நிம்மதியா இருக்கோ? அப்படி இருந்தா நான் என்ன மனுஷி? இந்தப் படியில உக்காந்திருக்கறது அவ கூப்பிடணும்னா, இல்ல, இன்னைக்கும் கூப்பிடலன்னு உறுதி பண்ணிக்கவா? அட ஆண்டவனே.

சுவருக்கு அந்தப் பக்கம் பாய் குரல். மளிகைக் கடையிலேர்ந்து வந்துட்டார் போல, பேரீச்சம்பழப் பொட்டலத்தை யார்கிட்டயோ கொடுக்கறார். "இன்னைக்காவது உப்பைக் கொஞ்சம் பார்த்துப் போடு ஜெய்பு. முந்தாநாளு உப்புச் சப்பில்ல, நேத்து ஒரேயடியாக் கரிச்சுது." கோபமில்லாமத்தான் சொல்றார், நாக்கு வறண்ட குரல். "பள்ளிவாசல் கஞ்சியே வாங்கிட்டு வந்துடவா?" ரிஸ்வானா ஏதோ மெதுவாச் சொல்றா. "வேண்டாம், அந்த ஆன்ட்டியைத் தொந்தரவு பண்ண வேண்டாம் மாமி"ன்னு கேக்குது. "பண்ணல"ன்னுட்டு ஜெய்புவே சொல்றா, "அவங்களுக்கும் சங்கடமா இருக்கும்ல. அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க நாலு பேருக்குப் பதில் சொல்லணும்."

அவங்களாம். நான் அவங்களாயிட்டேன். என்னை வாடி போடின்னு கூப்பிட்ட வாய். நாள் பூரா தண்ணிகூடக் குடிக்காம இருந்து, அந்தி சாயற நேரத்துல உப்புக் கரிக்கிற கஞ்சியை முழுங்கிக்கிட்டு, எனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு பார்த்திருக்கா. அவ என்மேல கோபப்படல, என்னைக் காப்பாத்தறா. என் நாக்குல அவன் உக்காந்திருக்கறது அவளுக்குத் தெரியும், நான் சொல்லாமலே தெரியும். முறத்தைக் கீழ வச்சேன். வச்சேனா தள்ளினேனா, வெங்காயமெல்லாம் படியில உருளுது, உருளட்டும். சந்து வழியா சுத்திப் போனா ஞானப்பிரகாசம் சார் மாடியிலேர்ந்து பார்ப்பார். பார்க்கட்டுமே. இவர் ஹால்லேர்ந்து "எங்கம்மா போற?"ன்னார். "உப்புப் பார்க்க"ன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் மூஞ்சியைப் பார்த்துட்டு விட்டுட்டார். செருப்பை மாட்டிக்கிட்டுச் சந்துல இறங்கினேன்.

சமையல்கட்டு வாசல்ல நின்னேன். ரிஸ்வானா என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு உள்ள போயிட்டா. ஜெய்பு அடுப்புக்கிட்ட நின்னா, கையில உப்பு ஜாடி. உதடு வெடிச்சிருந்துச்சு, கண்ணு உள்ள போயிருந்துச்சு. நோன்பு மூஞ்சி. எனக்கு ரொம்பப் பழகின மூஞ்சி. "வா செம்பகம், உக்காரு"ன்னா, அதே நேத்துச் சிரிப்பு. "உக்கார வரல. எங்க கிண்ணம்?"னு கேட்டேன். கிண்ணத்தைப் பார்த்தேன், அலமாரியில மேல் தட்டுல கவுத்து வச்சிருந்தா. அவ அசையல. "எதுக்கு? வேண்டாம்"னா. "ஏன் வேண்டாம்?" "வேண்டாம்டி." அந்த 'டி' வந்துடுச்சு, எனக்கு அழுகையும் வந்துடுச்சு. "எழுதினேன் ஜெய்பு. எழுதி எழுதி அழிச்சேன். என் பேரைப் பார்த்தியா?" அவ அடுப்பைப் பார்த்துக்கிட்டே, "பார்த்தேன்"னா. "பாய் தொழப் போன்னு கத்தினாங்க, நான் போகல. உன் பேரு வந்துச்சு, போச்சு. வந்துச்சு, போச்சு. அப்புறம் தண்ணி வந்துடுச்சு"ன்னா. அதுல ஒரு குத்தமும் இல்ல, நடந்ததை நடந்தபடி சொன்னா. எனக்குச் சுவர்ல போய் முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

"கையில விடு, பார்க்கறேன்"னு உள்ளங்கையை நீட்டினேன். எப்பவும் நீட்டற கைதான். ஜெய்பு என் கையைப் பார்த்தா, அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தா. நர்ஸுக்கு மத்தவங்க மூஞ்சியைப் படிக்கத் தெரியும், தன் மூஞ்சியை மறைக்கத் தெரியாது. என்ன தெரிஞ்சுதோ என் மூஞ்சியில. கரண்டியை எடுத்துக் கஞ்சியை அள்ளினா, என் கைப்பக்கம் கொண்டு வரல. தன் வாய்ப்பக்கம் கொண்டுபோனா. "நான் குடிச்சுக் காட்டட்டுமா?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா. "ஒரு வாய் குடிச்சுக் காட்டறேன், அப்புறம் நீ பாரு. இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கு பாங்குக்கு, அல்லா மன்னிப்பான்." ஆவி அவ உதட்டுல பட்டுது. விடிகாலையிலேர்ந்து எச்சிலைக்கூடப் பார்த்துப் பார்த்து முழுங்கின வாய். எனக்கு அந்த ஊரும், அந்த நடுத்தெருவும், நாக்கைத் தூக்கச் சொன்ன அந்தப் பொம்பளையும் ஒண்ணா வந்து முன்னால நின்னாங்க. இப்ப அந்தப் பொம்பளை நான்தான். நான் ஒண்ணுமே கேக்கல, சும்மா கையைத்தான் நீட்டினேன், இருந்தாலும் நான்தான் அது. பாய்ஞ்சு அவ மணிக்கட்டைப் பிடிச்சேன், சூடா கஞ்சி ரெண்டு பேர் கையிலயும் கொட்டுச்சு. "நீ எதுக்குடி வாயைத் தொறக்கற?"ன்னு கத்தினேன். "நீ எதுக்குடி தொறந்து காட்டணும்?" அவ கண்ணு நிறைஞ்சுபோச்சு. நினைவு இருக்கு, அவளுக்கும் நினைவு இருக்கு.

கரண்டியில மிச்சம் இருந்ததை என் உள்ளங்கையில நானே விட்டுக்கிட்டேன். சுட்டுச்சு. வாய்க்குக் கொண்டுபோனேன். வந்தான் அவன், இல்லன்னு சொல்ல மாட்டேன். தொப்பியோட வந்து குனிஞ்சான், என் தொண்டை ஒரு நொடி நின்னுது. அந்த ஒரு நொடி நின்னதை ஜெய்பு பார்த்தா, என் தொண்டையையேதான் பார்த்துக்கிட்டு இருந்தா. முழுங்கினேன். பூண்டு, வெந்தயம், புதினா. நல்லா இருக்குன்னு சொல்லிடலாம். அமிர்தமா இருக்கு, உன் கைக்கு ஈடு யாருன்னு சொல்லிக் கட்டிப்பிடிச்சு அழுதிடலாம், அவளும் நம்புற மாதிரி நடிப்பா. ஆனா இத்தனை வருஷத்துல இந்தக் கஞ்சி விஷயத்துல நான் அவகிட்ட ஒரு பொய்யும் சொன்னதில்ல.

"பத்தல"ன்னேன்.

"பத்தலையா?"

"எங்க பத்துது, உப்பே இல்ல. வெறும் தண்ணியா இருக்கு. யாரு குடிப்பா இதை?"

ஜெய்பு மூக்கைத் தலைப்பால துடைச்சுக்கிட்டா. "இதுக்கு நீ வந்து கத்தணுமாக்கும்"னு சொல்லிக்கிட்டே ஜாடியில கையை விட்டு அள்ளிப் போட்டா, கிண்டினா, அடியிலேர்ந்து மேல வரைக்கும் நல்லாக் கிண்டினா. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கற சத்தம் கேட்டுச்சு. அந்த ஆள் இன்னும் என் நாக்குல ஒரு ஓரமா நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். நிக்கட்டும், நாளைக்கும் வருவான், நானும் வருவேன்.

"இப்பப் பாரு"ன்னா ஜெய்பு.

கையை நீட்டினேன்.